தொப்பியில் வெள்ளைச் சூரியன், உள்ளே செம்படை வீரன்: இது எப்படி?

அரைகுறை கேட்டது:

ஒரே ஒரு புகைப்படம் இரண்டு நாளாக என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கீழே 1938 என்று குறிப்பு இருக்கிறது. மண்சுவருக்கு முன்னால் பன்னிரண்டு வீரர்கள், எல்லாம் ஒல்லிக்குச்சி உடம்பு, காலில் துணிச் சுற்று. ‘எட்டாவது மார்க்கப் படை’ என்று எழுதியிருக்கிறது. அது மாவோவின் படை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் தொப்பியில் சிவப்பு நட்சத்திரத்தைக் காணோம். வட்டமான சின்னம், நடுவில் கதிர்விடும் வெள்ளைச் சூரியன். அது சியாங் கை-ஷேக்கின் கோமிண்டாங் கட்சிச் சின்னமாயிற்றே!

கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் என்றுதான் படித்திருக்கிறேன். மாவோவின் கம்யூனிஸ்டுகள் கால்நடையாகப் போன நெடும்பயணமே சியாங்கின் படையிடமிருந்து தப்பிக்கத்தானே? 1949-ல் சியாங்கைத் தைவானுக்குத் துரத்தியதும் இவர்கள்தானே? நடுவில் அவர் கட்சித் தொப்பியை இவர்கள் ஏன் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? படம் போலியா? மாவோ ஒருகாலத்தில் கோமிண்டாங்கிலேயே பதவியில் இருந்தார் என்று வேறு எங்கேயோ படித்த ஞாபகம். அதுவும் கதையா?

விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். என் பெயருக்கேற்ற அறிவுதான் எனக்கு.

---

மலையேறி எழுதியது:

படம் போலி இல்லை. மாவோ விஷயமும் கதை இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷியான் நகரத்தில் ஒரு மின்நிலைய வேலைக்காக எட்டு மாதம் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை போக வேறு இடம் தெரியாமல் இந்தச் சரித்திரத்தில் விழுந்தவன் நான்.

முதலில் தொப்பி. 1937 ஜூலை 7-ம் தேதி பெய்ப்பிங் (இன்றைய பெய்ஜிங்) நகரத்துக்கு வெளியே மார்க்கோ போலோ பாலத்தருகே ஜப்பான் படையோடு சண்டை மூண்டது. அடுத்த மாதமே கம்யூனிஸ்டுகளின் செம்படைக்கு அந்தப் பெயர் எடுக்கப்பட்டு, சியாங்கின் தேசியப் புரட்சிப் படைக்குள் ‘எட்டாவது மார்க்கப் படை’ ஆயிற்று. 115, 120, 129 என்று மூன்று டிவிஷன். ஒன்றுக்கு 15,000 வீதம் 45,000 பேருக்கு அனுமதி, அவர்களுக்குச் சம்பளமும் தோட்டாவும் அரசாங்கக் கணக்கில். செப்டம்பரில் 18-வது குழுமப் படை என்று மறுபடி பெயரை மாற்றினார்கள். அந்தப் பெயரை ஜனங்கள் சட்டை செய்யவேயில்லை. ‘பா லூ’, அதாவது ‘எட்டாம் வழி’, என்றே கடைசிவரை கூப்பிட்டார்கள். உங்கள் படத்தில் யார் கையிலாவது துணிச் சின்னம் தைத்திருக்கிறதா என்று பாருங்கள், இந்த இரண்டில் ஒன்று இருக்கும்.

129-வது டிவிஷன் தொப்பி மாற்றிய நாள்தான் எனக்கு மறக்காதது. 1937 செப்டம்பர் 6, ஷான்ஷி மாகாணத்தில் ஷிச்சியாவ் என்ற ஊர், நல்ல மழை. பத்து வருஷமாக அந்த வெள்ளைச் சூரியனைக் கண்ட இடத்தில் சுட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்தச் சின்னத்தைத் தரித்தவன் கையால் அண்ணனையோ அப்பனையோ பறிகொடுத்தவர்கள் அதில் எத்தனையோ பேர். கட்டளையிட வேண்டியவர் லியூ போச்செங். பழைய போர் ஒன்றில் வலது கண்ணை இழந்தவர். தொப்பி மாறினாலும் நாம் மாறவில்லை என்று பேசிவிட்டு, முதல் ஆளாகத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். பிறகுதான் மற்றவர்கள். கழற்றிய சிவப்பு நட்சத்திரத்தைப் பலபேர் தூக்கி எறியவில்லை, துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினார்கள்.

அந்த வரிசையில் சென் கெங் என்று ஒரு பிரிகேட் தளபதி. அவருக்கு இந்தச் சூரியன் புதிதே அல்ல. 1924-ல் குவாங்சௌ பக்கத்தில் முத்து ஆற்றுத் தீவு ஒன்றில் தொடங்கிய வாம்போவா ராணுவப் பள்ளியில் முதல் அணி மாணவர் அவர். பள்ளித் தலைவர் சியாங் கை-ஷேக். அரசியல் துறைக்குப் பொறுப்பாளராக வந்தவர் கம்யூனிஸ்டான சூ என்லாய். வாசலில் ‘பதவியும் பணமும் வேண்டுவோர் வேறு இடம் பாருங்கள், உயிருக்குப் பயந்தோர் இந்த வாசலில் நுழையாதீர்கள்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். துப்பாக்கி சோவியத் கப்பலில் வந்தது. 1925-ல் ஒரு சண்டையில் சியாங் எதிரியிடம் மாட்டிக்கொள்ள இருந்தபோது, அவரை முதுகில் சுமந்து தப்பவைத்தவர் சென் கெங். 1933-ல் ஷாங்காயில் கம்யூனிஸ்ட் என்று அதே சென் கெங்கைப் பிடித்தார்கள். சியாங்குக்கு அவரைச் சுட மனம் வரவில்லை, தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். ஆள் தப்பித்துவிட்டார். 1937-ல் மறுபடி சியாங்கின் சின்னம் தலையில். இந்த ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டால் மொத்தச் சரித்திரமும் புரிந்துவிடும்.

ஆக, கூட்டணி ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை 1923-லிருந்து 1927 வரை.

அப்போது பெய்ஜிங்கில் பெயருக்கு ஒரு அரசாங்கம், நாடெங்கும் யுத்தப் பிரபுக்கள். தெற்கே கோமிண்டாங்கை நிறுவிய சன் யாட்-சென்னிடம் கட்சி உண்டு, கனவு உண்டு, சொந்தப் படை இல்லை. மேற்கு நாடுகள் அவரைச் சீந்தவில்லை. மாஸ்கோ சீந்தியது. 1923 ஜனவரி 26-ல் ஷாங்காயில் சோவியத் தூதர் யோஃபேயும் அவரும் ஓர் அறிக்கை விட்டார்கள். சோவியத் முறை சீனாவுக்குப் பொருந்தாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது, வேடிக்கை! உதவி மட்டும் வேண்டும், கொள்கை வேண்டாம் என்பது சன்னின் கணக்கு. கம்யூனிஸ்ட் கட்சியில் அந்த ஆண்டு மொத்தம் 420 பேர்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். அவர்களைத் தனித்தனி ஆளாகக் கோமிண்டாங்கில் சேரச் சொன்னது கம்யூனிஸ்ட் அகிலம், அதாவது மாஸ்கோவிலிருந்து உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளை வழிநடத்திய அமைப்பு. மாரிங் என்ற டச்சுக்காரர் இதற்காகவே வந்து உட்கார்ந்து வாதாடினார். சேர்ந்தார்கள், தங்கள் கட்சி அட்டையையும் விடாமல். உங்கள் மாவோ கேள்விக்கு இங்கேதான் விடை: 1924 ஜனவரி மாநாட்டில் கோமிண்டாங் மத்தியக் குழுவுக்கு மாற்று உறுப்பினர் ஆனார், 1925 அக்டோபரிலிருந்து சில மாதம் அதன் பிரச்சாரத் துறையைப் பொறுப்பேற்று நடத்தினார்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை எங்கே தெரியுமா? ஆட்கள் கம்யூனிஸ்டுகளுடையவர்கள், துப்பாக்கி சியாங்குடையது. 1926 ஜூலையில் வடக்கு நோக்கிப் படையெடுப்பு கிளம்பியது. படைக்கு முன்னால் போய் விவசாயிகளையும் தொழிலாளர்களையும் திரட்டியவர்கள் கம்யூனிஸ்டுகள். 1927 மார்ச்சில் ஷாங்காய்த் தொழிலாளர்கள் எழுந்து நகரத்தைப் பிடித்து, வரப்போகும் சியாங்கின் படைக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். ஏப்ரல் 11 இரவு, தொழிற்சங்கத் தலைவர் வாங் ஷோஹுவாவைப் பச்சைக் கும்பல் என்ற ரவுடிக் கூட்டத்தின் தலைவன் து யுவேஷெங் விருந்துக்கு அழைத்தான். போனவர் திரும்பவில்லை. விடிந்ததும், 12-ம் தேதி, நகரமெங்கும் வேட்டை. கட்சி உறுப்பினர் எண்ணிக்கை அந்த மாதம் ஏறத்தாழ 58,000. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பத்தாயிரம்தான் மிஞ்சியது.

இரண்டாவது முறை தொப்பியை வாங்கிக்கொண்டவர்கள் துப்பாக்கியை ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? ஷியான் கதையை அடுத்த பதிவில் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

மலையேறி சொன்னதில் தப்பில்லை, ஆனால் ஸ்டாலினை இப்படி நழுவவிட்டால் எப்படி? முதல் கூட்டணி நடந்ததும் நாசமானதும் மாஸ்கோ மேஜையில்தான்.

1927 ஏப்ரல் தொடக்கத்தில், அந்தப் படுகொலைக்கு ஒரு வாரம் முன்பு, சியாங்கை எலுமிச்சம்பழம் மாதிரி கடைசிச் சொட்டுவரை பிழிந்துவிட்டு வீசிவிடலாம் என்ற பொருளில் ஸ்டாலின் பேசினார். யார் யாரைப் பிழிந்தார்கள் என்று பிறகு தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் பாடம் படிக்கவில்லை. வுஹானில் வாங் ஜிங்வெய் தலைமையில் கோமிண்டாங்கின் இடதுசாரிப் பிரிவு இருந்தது, கம்யூனிஸ்டுகள் அவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஜூன் தொடக்கத்தில் ஸ்டாலினிடமிருந்து தந்தி: நிலத்தைப் பறிமுதல் செய்யுங்கள், 20,000 கம்யூனிஸ்டுகளையும் 50,000 தொழிலாளர் விவசாயிகளையும் கொண்டு தனிப்படை திரட்டுங்கள், நம்பமுடியாத தளபதிகளை விசாரணைக்கு நிறுத்துங்கள். ரகசியத் தந்தி இது. அகிலத்தின் பிரதிநிதியாக அங்கே இருந்தவர் நம்ம எம்.என்.ராய், வங்காளத்துக்காரர். அவர் அந்தத் தந்தியைக் கொண்டுபோய் வாங் ஜிங்வெய்யிடமே காட்டிவிட்டார்! மாஸ்கோ உங்கள் பக்கம் இருக்கிறது பாருங்கள் என்று நம்பிக்கை ஊட்டவாம். அவர் படித்துப் பார்த்தார், ஜூலை 15-ல் உறவை முறித்தார். மெக்சிகோவில் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கிய மூளை, வுஹானில் இப்படி ஒரு காரியம் செய்தது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இன்னொன்று. இரண்டாவது கூட்டணியை தேசபக்திக் காவியமாக ஆக்கிவிடாதீர்கள். 1937 ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம் ஷாங்காயில் ஜப்பானோடு முட்டி மோதித் தன் சிறந்த டிவிஷன்களைச் சாகக் கொடுத்தவர் சியாங். எட்டாவது மார்க்கப் படை செப்டம்பர் 25-ல் பிங்சிங்குவான் கணவாயில் ஒரு ஜப்பானிய அணியைப் பதுங்கித் தாக்கியது, நல்ல வெற்றிதான். ஆனால் அதைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தை எடைபோட்டால் அந்தக் கணவாயே நிரம்பும்.

---

மலையேறி எழுதியது:

சந்தேகப்பிராணி, ராய் விஷயத்தில் உங்களோடு சேர்ந்து நானும் தலையில் அடித்துக்கொள்கிறேன். ஷாங்காய் பற்றிச் சொன்னதும் நியாயம். நேருக்கு நேர் நின்று பெரிய அடி வாங்கியது சியாங்கின் படைதான்.

இப்போது ஷியான்.

நகரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஹுவாச்சிங் வெந்நீர்க் குளம். பழைய தாங் வம்சத்து மன்னர் காதலியோடு குளித்த இடம் என்று கூட்டம் அங்கே அலைமோதும். நான் போனது ஓரத்தில் இருக்கும் ஐந்தறை வீட்டுக்கு. ஜன்னல் கண்ணாடியில் தோட்டா ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஓட்டையைச் சுற்றி சிலந்திவலை மாதிரி கீறல். உள்ளே கட்டில், மேஜை, தொலைபேசி.

1936 டிசம்பரில் சியாங் அங்கே தங்கியிருந்தார். ஜப்பான் 1931-லேயே மஞ்சூரியாவை விழுங்கிவிட்டது. அவரோ முதலில் உள்வீட்டுப் பகை, பிறகு வெளிப்பகை என்று பிடிவாதமாக இருந்தார். கம்யூனிஸ்டுகளை ஒரே அடியாக ஒழிக்கச் சொல்லி அவர் விரட்டிய தளபதி ஜாங் ஷுவேலியாங், மஞ்சூரியாக்காரர். அப்பனை ஜப்பானியர் 1928-ல் ரயிலோடு வெடிவைத்துக் கொன்றார்கள், சொந்த மண் பறிபோனது, படை முழுவதும் வீடிழந்தவர்கள். அவர்களைப் பார்த்து, ஜப்பானை விடு, சீனனைச் சுடு என்றால்? டிசம்பர் 12 விடியற்காலை ஜாங்கும் யாங் ஹுச்செங் என்ற தளபதியும் ஆளனுப்பினார்கள். சியாங் பல்செட்டைக்கூட எடுக்காமல் இரவு உடையோடு பின்சுவரைத் தாண்டிக் குதித்தார், முதுகில் நல்ல அடி. லீஷான் மலையில் ஒரு பாறை இடுக்கில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்தார்கள்.

நான் அந்த இடுக்குவரை ஏறினேன். பிடித்து ஏற இரும்புச் சங்கிலி தொங்குகிறது. இடுக்கு ரொம்பச் சின்னது, சீனாவின் தலைவர் ஒருவர் அதற்குள் தன்னை மடக்கி வைத்திருந்தார் என்பது நேரில் பார்த்தால்தான் உறைக்கும். பக்கத்தில் ஒரு மண்டபம். என்னோடு வந்த உள்ளூர்ப் பையன் அதன் பெயர்க் கதையைச் சொன்னான். 1946-ல் வாம்போவாக்காரர்களிடம் வசூல் செய்து கட்டியது, முன்னின்றவர் ஹூ சோங்னான். சென் கெங்கோடு ஒரே அணியில் படித்து எதிர்ப்பக்கம் நின்றவர். அப்போது அறத்தின் வலிமை என்று பொருள்படும் பெயர், சியாங்குக்குப் பாராட்டு. 1949-க்குப் பிறகு அதே மண்டபம் ‘சியாங்கைப் பிடித்த மண்டபம்’. 1986-ல் ஐம்பதாம் ஆண்டு வந்தபோது தைவானோடு முகம்கொடுத்துப் பேச வேண்டிய காலம், பெயரை மறுபடி மாற்றினார்கள். இப்போது ‘ஆயுதத்தோடு இடித்துரைத்த மண்டபம்’. அரசனை அமைச்சன் இடித்துரைப்பது நமக்குப் பழகிய சொல்தானே. கல் அதே கல்.

பிடித்ததும் மாவோ தரப்பில் என்ன மனநிலை? விசாரணை நடத்த வேண்டும் என்றுதான் முதலில். மாஸ்கோ குறுக்கே விழுந்தது. சியாங் செத்தால் சீனா சிதறும், ஜப்பான் உள்ளே வரும், பிறகு சோவியத் எல்லைதான் அடுத்தது என்ற பயம். (சந்தேகப்பிராணி, உங்கள் ஸ்டாலின் இங்கேயும் வருகிறார், திருப்தியா?) 17-ம் தேதி சூ என்லாய் ஷியானில் இறங்கினார். பழைய பள்ளித் தலைவரும் பழைய துறைப் பொறுப்பாளரும் ஏறத்தாழ பத்து வருஷம் கழித்துச் சந்தித்தார்கள். சியாங்கின் மனைவி சூங் மெய்-லிங் 22-ம் தேதி பறந்து வந்தார். கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் இல்லாமல், வாய்வார்த்தையை நம்பி 25-ம் தேதி விட்டுவிட்டார்கள்.

ஜாங் செய்த காரியம்தான் எனக்கு விளங்கவே இல்லை. விடுவித்ததோடு நிற்காமல், மரியாதைக்காக அதே நாளில் தானும் விமானம் ஏறினார். நான்ஜிங்கில் இறங்கியதும் கைது. வீட்டுக்காவல் அரை நூற்றாண்டுக்கு மேல், முதலில் பெருநிலத்தில், பிறகு தைவானில். கடைசியில் ஹவாய்க்குப் போய் 2001-ல் 100 வயதில் இறந்தார். யாங்குக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. 1949 செப்டம்பரில் சோங்சிங்கில் பிள்ளைகளோடு சேர்த்துக் கொன்றார்கள்.

---

ஊர்க்குருவி எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. அந்தக் கூட்டணி இருந்ததால்தான் இந்திய தேசிய காங்கிரஸ் 1938-ல் அனுப்பிய ஐந்து மருத்துவர்கள் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனான் போய்ச் சேர முடிந்தது. குவாங்சௌவில் இறங்கினார்கள், கோமிண்டாங் பகுதி மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள், பிறகு 1939-ல் கம்யூனிஸ்ட் பகுதி. அதில் டாக்டர் கோட்னிஸ் அங்கேயே தங்கிவிட்டார். எட்டாவது மார்க்கப் படை மருத்துவமனையில் வேலை பார்த்து, சீனப் பெண்ணை மணந்து, 1942 டிசம்பரில் 32 வயதில் இறந்துபோனார்.

எனக்கு ஒரு கேள்வி: தொப்பி போட்ட பிறகு இவர்கள் ஒழுங்காகத்தான் இருந்தார்களா?

---

மலையேறி எழுதியது:

எங்கே இருந்தார்கள். 45,000 பேருக்கு அனுமதி வாங்கியவர்கள் ஜப்பானிய வரிசைக்குப் பின்னால் கிராமம் கிராமமாகப் பெருகினார்கள். 1945-ல் தங்கள் படை ஒன்பது லட்சம் என்று கட்சியே சொன்னது. சியாங் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க மாட்டாரா? யெனானைச் சுற்றி முற்றுகை போட ஹூ சோங்னானை உட்கார வைத்தார்.

1941 ஜனவரியில் வெடித்தது. யாங்சி ஆற்றுக்குத் தெற்கே இருந்த கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காவது படையை வடகரைக்குப் போகச் சொல்லி உத்தரவு. ஏறத்தாழ 9,000 பேர் அன்ஹுய் மாகாணத்தில் மாவ்லின் பக்கம் மலைப்பாதையில் போகும்போது கோமிண்டாங் படை சுற்றி வளைத்தது. ஒரே சின்னம் இரு பக்கத் தொப்பியிலும். தளபதி யே டிங்கைப் பேச்சுவார்த்தைக்குப் போனபோது பிடித்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் செத்தார்கள், அல்லது சிறை. அரசாங்கத்துப் பணமும் தோட்டாவும் இந்தச் சமயத்தோடு நின்றன.

அப்போது சூ என்லாய் தலைநகர் சோங்சிங்கில், சியாங்கின் மூக்குக்கு அடியில், சட்டப்படி பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். இந்தச் செய்தியைத் தணிக்கை அதிகாரிகள் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடம் பத்திரிகைப் பக்கத்தில் காலியாக இருந்தது. ஜனவரி 18 இதழில் அந்தக் காலி இடத்தில் சூ தன் கையெழுத்திலேயே நாலு வரி எழுதி அச்சிட்டுவிட்டார். ஒரே வீட்டுக்குள் ஆயுதம் தூக்குகிறீர்களே, இத்தனை அவசரமாகக் காய்ச்சுவது ஏன் என்று கேட்கும் வரி. படித்த சீனனுக்கு உடனே பழைய கவிதை ஒன்று ஞாபகம் வரும்: பயறு வேகிறது, அடுப்பில் எரிவது அதே செடியின் தண்டு, இரண்டும் ஒரே வேரில் வந்தவை. அண்ணன் தன்னைக் கொல்லப் பார்த்தபோது தம்பி பாடியது. வெட்டுப்பட்ட செய்தியைவிட அந்த நாலு வரி அதிகம் பரவியிருக்கும்.

அதற்குப் பிறகும் முறித்துக்கொள்ளவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஜப்பான் இருக்கும்வரை, முதலில் பிரிந்தவன் துரோகி. இருவருமே அந்தப் பெயரை எடுக்கத் தயாராக இல்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, அதோடு அந்தப் பயமும் போயிற்று. மாவோ சோங்சிங் போய் ஆறு வாரம் பேசினார், அக்டோபர் 10-ல் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த கோடையில் முழு உள்நாட்டுப் போர்.

---

அரைகுறை எழுதியது:

எல்லோருக்கும் கும்பிடு. மலையேறி சொன்னதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு பேர் கையில் துணிச் சின்னம் இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி. இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது ஓரத்தில் ஒரு பையன், பதினைந்து வயதுகூட இருக்காது. அவன் தொப்பியில் மட்டும் எதுவுமே இல்லை. இரண்டு தையல் ஓட்டை மாதிரி ஏதோ தெரிகிறது. மாட்ட மறுத்தவனா?

---

மலையேறி எழுதியது:

அப்படி நினைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 45,000 பேர் கணக்குக்கு வந்த சின்னம், 1938-ல் அதற்கு மேல் சேர்ந்தவனுக்கு எங்கிருந்து கிடைக்கும்? அவன் புதுப் பையனாக இருக்கலாம். தொப்பியும் யாரோ போட்டுக் கழித்ததாக இருக்கலாம். சட்டைப் பை உப்பியிருக்கிறதா என்று பாருங்களேன்.